நூலறிவும் களப்பயிற்சியும்

திறந்தவெளி ஒளிப்படக்கலையில் ஒளி எவருக்காகவும் காத்திருப்பதில்லை. 1941ஆம் ஆண்டு, அமெரிக்காவின் நியூ மெக்சிகோ மாநிலத்தில் ஹெர்னாண்டஸ் என்னும் சிற்றூரின் வழியே ஒளிப்படக் கலைஞர் ஆன்சல் ஆடம்ஸ் சென்றார். வானில் நிலவு எழுந்திருந்தது; கல்லறைச் சிலுவைகள் மாலை வெயிலில் ஒளிர்ந்தன. அவசரத்தில் ஒளிமானி கைக்கு அகப்படவில்லை. எனினும், நிலவின் ஒளிர்வளவு அவர் நினைவில் இருந்தது. அதனைக்கொண்டு, ஒளிபட வேண்டிய நேரத்தைக் கணித்துப் படமெடுத்தார். அடுத்த படத்திற்கு ஆயத்தமாவதற்குள் சிலுவைகளின்மீதிருந்த வெயில் மறைந்தது.

ஒளியை அளந்தறியும் முறையை 1948இல் வெளியான ‘தி நெகட்டிவ்’ என்னும் நூலில் அவர் விளக்கினார். அத்தகைய நூல்களைக் கற்போர், ஒரே காட்சியை வெவ்வேறு ஒளியளவுகளில் எடுத்துக் குறிப்பெழுதி ஒப்பிட வேண்டும். அப்பயிற்சியே உரிய நொடியில் நூலறிவை நினைவுக்குக் கொணரும்.