நேற்று படித்தது இன்று மறந்து போச்சா? கைகொடுக்கிறது இயந்திரக் கற்றல்

கோலாலம்பூர்: மலாயன் யூனியன் 1946, மலாயா கூட்டரசு 1948. நேற்று ராத்திரி கடகடவென்று ஒப்பித்தது, இன்று காலையில் தலைகீழாகிவிடுகிறது. பிரிக்பீல்ட்ஸ் முதல் கிள்ளான் வரை, எஸ்பிஎம் மாணவர்களுக்கு இது பழகிப்போன கதைதான். ஆனால் 2013 முதல், செஜாரா பாடத்தில் தேர்ச்சி பெறாவிட்டால் எஸ்பிஎம் சான்றிதழே கிடையாது. அதனால் இந்த மறதியைச் சும்மா விட்டுவிட முடியாது.

ஏன் மறக்கிறோம்?

ஜெர்மானிய உளவியலாளர் ஹெர்மன் எபிங்ஹாஸ், பொருளற்ற அசைகளைத் தானே மனப்பாடம் செய்து சோதித்து, 1885இல் முடிவை வெளியிட்டார். முதல் சில மணி நேரத்தில் மறதி வேகமாக இருக்கும், பிறகு மெதுவாகும். மறக்கப்போகும் நேரத்தில் மீண்டும் நினைவுபடுத்தினால், அடுத்த முறை அது இன்னும் நீண்ட நாள் மனதில் நிற்கும்.

இதில் இயந்திரத்துக்கு என்ன வேலை?

அந்த 'மறக்கப்போகும் நேரம்' ஆளுக்கு ஆள், கேள்விக்குக் கேள்வி மாறும். அதைக் கணிப்பதுதான் அதன் வேலை.

'அங்கி' என்ற கேள்வி அட்டைச் செயலியை எடுத்துக்கொள்வோம். 'பங்கோர் ஒப்பந்தம் எந்த ஆண்டு?' என்று கேட்கும். 1874 என்று மனசுக்குள் சொல்லிவிட்டு, சுலபமா, கஷ்டமா, மறந்துட்டோமா என்று நீங்களே அழுத்த வேண்டும். 2023இல் இதில் சேர்க்கப்பட்ட எஃப்எஸ்ஆர்எஸ் கணிப்புமுறை, பல கோடி பதில்களிலிருந்து மறதியின் போக்கைக் கற்றது. உங்கள் பதில்கள் போதுமான அளவு சேர்ந்ததும், உங்களுக்கு ஏற்றபடி அதைச் சரிசெய்துகொள்ளலாம். நினைவில் இருக்கும் வாய்ப்பு 90 விழுக்காட்டுக்கு இறங்கும் நாளில் அந்தக் கேள்வி திரும்பி வரும். தெரிந்தது தள்ளிப்போகும், தடுமாறுவது சீக்கிரம் வரும்.

இதோடு எல்லாம் முடிஞ்சுதா?

இல்லை. மறந்ததைத் 'தெரியும்' என்று அழுத்தினால் கணக்கே தப்பாகிவிடும். ஏஐ தயாரித்துத் தரும் அட்டைகளில் பிழை இருக்கலாம். பாடநூலோடு ஒப்பிட்டுப் பாருங்கள். தேர்வுக்கு முந்தைய நாள் தொடங்கினால், இடைவெளி விட நாளே இருக்காது. மலாயன் யூனியனை மக்கள் ஏன் எதிர்த்தார்கள் என்று விளக்கி எழுத, ஆண்டு மட்டும் தெரிந்தால் போதாது.

எப்படித் தொடங்கலாம்?

கணினியிலும் ஆண்ட்ராய்டிலும் அங்கி இலவசம்; ஐபோன் செயலிக்குக் கட்டணம் உண்டு. ஓர் அட்டைக்கு ஒரே கேள்வி, தினமும் 10 புதிய அட்டைகள் போதும். எல்ஆர்டி பயணத்திலேயே முடித்துவிடலாம். ஒரு நாளும் விடாமல் செய்வதுதான் முக்கியம்.