ஒரே கூரை, ரெண்டு அடுப்பு

சேர்வராயன் மலைக் குடும்பங்களைப் பற்றி அன்று எழுதிவைத்தவர்கள் வெளியிலிருந்து வந்தவர்கள். சென்னை அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளராக இருந்த எட்கர் தர்ஸ்டன், ரங்காச்சாரியின் துணையோடு 1909-இல் ஏழு தொகுதிகள் வெளியிட்டார். தென்னிந்தியச் சாதிகளையும் பழங்குடிகளையும் பற்றிய அந்த வரிசையில் நான்காவது தொகுதியில் மலையாளிகள் வருகிறார்கள். கேரளத்தார் அல்ல, இந்த மலையின் பழங்குடிகள். மூக்கையும் தலையையும் அளக்கும் கருவியோடு ஊர் ஊராய்ப் போனவர் தர்ஸ்டன். மலையாளிகள் தங்களைப் பற்றிச் சொல்லிக்கொள்ளும் கதையோ வேறு. காஞ்சிபுரத்திலிருந்து கிளம்பிய அண்ணன் தம்பிகள் மூவர், ஆளுக்கொரு மலையாகச் சேர்வராயனிலும் பச்சைமலையிலும் கொல்லிமலையிலும் தங்கிப்போனார்களாம். மலையின் சரித்திரமே ஒரு குடும்பம் பிரிந்த கதைதான். அதை எந்தக் கருவி அளக்கும்?

வந்தவர்கள் எல்லாரும் அளந்துவிட்டுப் போனவர்கள் அல்ல. 1960-களின் நடுவில் ஆக்ஸ்ஃபோர்டு முனைவர் பட்டத்துக்காக வந்த பிரெண்டா பெக், காங்கயம் பக்கத்து ஓலப்பாளையத்தில் தங்கித் தமிழில் பேசிப் பழகி, கொங்கு நாட்டின் உறவுமுறையையும் கொள்வினை கொடுப்பினையையும் எழுதினார். அவரும் அயல்நாட்டு மாணவிதான். அவர் இங்கே வந்தார், இன்று நம் பிள்ளைகள் அங்கே போகிறார்கள்.

என் அக்கா மகள் அப்படிப் போனவள். ஏற்காட்டில் காபித் தோட்டக் கணக்கரின் பெண். குடும்ப ஆய்வில் முனைவர் பட்டத்துக்காக அமெரிக்காவில் நாலாவது வருஷம். மாணவர் விசாவில் இருப்பதால், வகுப்பு நடக்கும் காலத்தில் வளாகத்துக்குள்ளேயே வாரம் 20 மணி நேரம்தான் வேலை பார்க்கலாம். பாடம் நடத்த உதவி, அந்தச் சம்பளத்தில் வாடகையும் சாப்பாடும். இங்கே விடியும்போது அங்கே முந்தின நாள் சாயங்காலம். அக்கா அடுப்பில் பால் வைத்துக்கொண்டே போனில் பேசுவாள்.

போன மே மாதம் களப்பணிக்கு வந்தவளோடு நாகலூர்ப் பக்கம் நானும் போனேன். பதில் சொல்பவரிடம் சம்மதக் கையெழுத்து வாங்க வேண்டும் என்பது அவள் பல்கலைக்கழக நெறிமுறைக் குழுவின் விதி. தர்ஸ்டன் காலத்தில் இல்லாத மரியாதை இது. ஆனால் பாட்டி ஒருத்தி தாளைப் பார்த்ததும் கையைப் பின்னால் இழுத்துக்கொண்டாள். "ரேகை வச்சு நெலத்த விட்டவங்க இருக்காங்க, கண்ணு." வாய்ச் சம்மதம் போதும் என்று குழுவுக்கு எழுதி அனுமதி வாங்க மூன்று வாரம் ஆயிற்று. அந்த மூன்று வாரமும் வீண் என்று நான் நினைக்கவில்லை. அவள் தினமும் போய்த் திண்ணையில் உட்கார்ந்தாள். தாளில்லாமல் பேச்சு வந்தது.

பிறகு முதல் கேள்வி: வீட்டில் எத்தனை பேர்?

"அடுப்பக் கேக்கறியா, ஆளக் கேக்கறியா?" என்றாள் பாட்டி.

ஒரே கூரை, ரெண்டு அடுப்பு. மகன் தனியாகப் பொங்குகிறான், பேரன் மட்டும் பாட்டி சோறு. நம் மக்கள்தொகைக் கணக்கெடுப்பிலும் ஒரே சமையலில் சாப்பிடுகிறவர்கள்தான் ஒரு குடும்பம். அப்படியானால் அந்தப் பேரன் எந்தக் குடும்பம்? ஆங்கில வினாத்தாளில் அதற்குக் கட்டம் இல்லை. பெரியப்பா மகனும் அத்தை மகனும் ஒரே சொல்லில் அடங்கிவிடும் மொழி அது. இங்கே ஒருவன் அண்ணன், இன்னொருவன் முறைமாப்பிள்ளை. அவள் கட்டத்தை அடித்துவிட்டு ஓரத்தில் தமிழிலேயே எழுதிக்கொண்டாள்.

பழங்குடி மாணவர்கள் வெளிநாட்டில் படிக்க மத்திய அரசு உதவித்தொகை தருகிறது, நாடு முழுக்க வருஷத்துக்கு 20 பேருக்கு. அந்தப் பேரன் ப்ளஸ் டூ படிக்கிறான். என் அக்கா மகள் எழுதுவதைவிட அவன் எழுதினால் இந்த மலை இன்னும் சரியாகப் பதிவாகும் என்று நம்புகிறேன். அவளும் அதையே சொல்லி, எப்படி விண்ணப்பிப்பது என்று அவனுக்கு எழுதிக் கொடுத்துவிட்டு வந்தாள்.

கிளம்பும்போது பாட்டி, காபிச் செடி நடுவே சில்வர் ஓக் மரத்தில் ஏறிய கொடியின் மிளகைத் துணியில் முடிந்து கொடுத்தாள்.

"அங்க உன் வூட்டுல எத்தன அடுப்பு, கண்ணு?"

"ஒண்ணு, பாட்டி."

"ஆளு?"

அவள் ஒரு விரலைக் காட்டினாள்.