ஒரு வீட்டுக்கு நாலு மீட்டர்

சென்னை பழைய மாமல்லபுரம் சாலையில் லாரித் தண்ணீரை நம்பியிருக்கும் அடுக்குமாடி வளாகங்கள் ஏராளம். லாரி வந்து சம்ப்பில் கொட்டிவிட்டுப் போகும். அந்தச் செலவு பெரும்பாலும் பராமரிப்புக் கட்டணத்தோடு சேர்ந்து, சதுர அடிக் கணக்கில் வீடுகளுக்குப் பிரியும். பெரிய வீட்டில் தனியாக இருக்கும் ஓய்வூதியர், சின்ன வீட்டில் இருக்கும் ஆறு பேரைவிட அதிகம் கட்டுவார். அசோசியேஷன் கூட்டத்தில் குரல் உயர இது போதாதா?

வீட்டுக்கு வீடு அளந்தால் செலவு குறையுமா? குறைகிறது. அமெரிக்க அடுக்குமாடிக் குடியிருப்புகளைப் பற்றி 2004இல் வெளியான ஆய்வில், தனி மீட்டர் உள்ள இடங்களில் தண்ணீர்ப் பயன்பாடு 15.3 சதவீதம் குறைந்திருந்தது. பரப்பளவு, ஆள் எண்ணிக்கை என்று சூத்திரம் போட்டுப் பிரித்த இடங்களில் சொல்லும்படி சேமிப்பே இல்லை. சதுர அடிக் கணக்குக்கு இதைவிட எதிரான சாட்சி வேண்டியதில்லை.

சிக்கல் குழாயில் இருக்கிறது. மின்சாரம்போலத் தண்ணீர் ஒரே வழியாக வீட்டுக்குள் வருவதில்லை. மொட்டைமாடித் தொட்டியிலிருந்து டக்ட் வழியாக இறங்கும் குழாய்கள், சமையலறைக்கு ஒன்று, குளியலறைக்கு ஒன்று எனத் தனித்தனியாக நுழைகின்றன. இரண்டு குளியலறை வீட்டுக்கே மூன்று நான்கு மீட்டர் தேவைப்படலாம். ஆள் நுழைய முடியாத டக்டில் அவற்றைப் பொருத்துவது பிளம்பருக்குப் பெரும்பாடு.

மீட்டரிலும் ரகம் உண்டு. சக்கரம் சுழலும் சாதா மீட்டர் விலை குறைவு. ஆனால் போர் தண்ணீரின் மண் புகுந்தால் சிக்கிக்கொள்ளும், சொட்டுச் சொட்டாகக் கசிவதைச் சரியாகக் கணக்கில் எடுக்காது. அல்ட்ராசோனிக் மீட்டரில் சுழலும் பாகமே கிடையாது, விலைதான் கூடுதல். சாதா மீட்டர்கள் பலவற்றின் முகப்பில் ஒரு குட்டிச் சக்கரம் இருக்கும். எல்லாக் குழாயையும் மூடிய பிறகும் அது மெல்லச் சுற்றினால், பெரும்பாலும் ஃபிளஷ் டேங்க்தான் ஒழுகுகிறது. பல வீடுகளில் முதல் மாதச் சேமிப்பு அங்கிருந்தே தொடங்கும்.

கலிஃபோர்னியா 2018 முதல் கட்டப்படும் புதிய குடியிருப்புகளுக்கு மட்டுமே தனி மீட்டரைக் கட்டாயமாக்கியது. பழைய கட்டடங்களின் சுவரை உடைக்கச் சொல்லவில்லை. இங்கேயும் வரைபடத்திலேயே வீட்டுக்கு ஒரே நுழைவுக் குழாய் போட்டுவிட்டால், வராந்தாவில் ஒரு மீட்டர் போதும். முன்பணம் கொடுக்கும் முன் பில்டரிடம் கேட்க வேண்டிய கேள்விகளில் கார் நிறுத்துமிடத்துக்கு அடுத்ததாக இதைச் சேர்த்துக்கொள்ளலாம்.