ஏரிக்கரைச் சமையல் – 12: வரப்பில் மேயும் கருப்பு ஆடு

வட அமெரிக்காவில் எல்க் என்றொரு பெரிய மான். ராக்கி மலைப் பக்கம் மந்தை மந்தையாகத் திரியும். கொழுப்பு குறைவு, புரதம் அதிகம், இரும்புச்சத்து நிறைய என்று அதன் கறியை அங்கே உடம்பைப் பேணுகிறவர்கள் கொண்டாடுகிறார்கள். அங்கே குடியேறிய நம் பிள்ளைகள் ஊருக்குப் பேசும்போது சொல்லிச் சொல்லி, புதுச்சேரியில் வில்லியனூர், பாகூர்ப் பக்கமும் "மான்கறி அவ்வளவு நல்லதாமே" என்ற பேச்சு காதில் விழுகிறது.

முதலில் சட்டத்தைச் சொல்லிவிடுகிறேன். 1972ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி நம் நாட்டில் காட்டு மானை வேட்டையாடுவதும் அதன் கறியை விற்பதும் வாங்குவதும் குற்றம், சிறைக்குப் போக நேரும். எல்க்கின் நெருங்கிய சொந்தமான ஹங்குல் மான் காஷ்மீரின் தாச்சிகாம் காட்டில் சில நூறுதான் மிஞ்சியிருக்கிறது. அந்த இனத்தின் மேல் நாக்கை நீட்டவே கூடாது.

நீட்ட வேண்டிய அவசியமும் இல்லை. அமெரிக்க வேளாண் துறையின் உணவு அட்டவணையில் இரண்டு கறியின் கணக்கும் இருக்கிறது. சமைக்காத எல்க் கறி 100 கிராமில் சுமார் 23 கிராம் புரதம், ஒன்றரை கிராம் கொழுப்பு, 2.8 மில்லிகிராம் இரும்பு. வெள்ளாட்டுக்கறியில் 20.6 கிராம் புரதம், 2.3 கிராம் கொழுப்பு, அதே 2.8 மில்லிகிராம் இரும்பு. கலோரியும் இரண்டிலும் சுமார் 110தான். அறுவடை முடிந்த பாகூர் வயல் வரப்பில் மேய்கிற கருப்பு வெள்ளாடு, அந்த மலை மானுக்கு ஏறக்குறைய சமமாக நிற்கிறது.

காரணம் அதன் உடலமைப்பில் இருக்கிறது. வெள்ளாட்டுக்குக் கொழுப்பு தசைக்குள் அதிகம் ஓடாது. வயிற்றுக்குள்ளும் சிறுநீரகத்தைச் சுற்றியுமே பெரும்பாலும் சேரும். அதைக் கடையிலேயே எடுத்துப் போட்டுவிடலாம். குறும்பாட்டில், அதாவது செம்மறியில், கொழுப்பு கறியோடு ஒட்டியே வரும். இரண்டையும் நாம் மட்டன் என்று ஒரே பெயரில் வாங்குகிறோம். ஞாயிற்றுக்கிழமை காலையில் கறிக்கடைக்குப் போகிறவர்கள் தொங்கும் உடலின் வாலைப் பாருங்கள். உரித்த பிறகும் வாலில் மட்டும் முடியோடு தோலை விட்டு வைத்திருப்பார்கள். மேல்நோக்கி நிமிர்ந்த குட்டை வால் என்றால் வெள்ளாடு. கீழே தொங்குகிற வால் குறும்பாடு. கேட்டு வாங்குங்கள், கடைக்காரர் மறைக்க மாட்டார்.

இனி நான் சொல்ல வந்த விஷயம். தேசியக் குடும்ப நல ஆய்வு 2019–21இன்படி, இந்தியாவில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் 57 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. புதுச்சேரியிலும் பாதிக்கு மேல். நடவுக்கும் களை பறிக்கவும் போகிற பெண்கள், மாடிப்படி ஏறினாலே மூச்சு வாங்குகிறது என்கிற கல்லூரிப் பெண்கள் எல்லாரும் இந்தக் கணக்குக்குள் இருக்கிறார்கள். இந்திய மருத்துவ ஆராய்ச்சி கவுன்சில் (ஐ.சி.எம்.ஆர்.) 2020இல் வகுத்த அளவுப்படி பெண்ணுக்கு ஒரு நாளைக்கு 29 மில்லிகிராம் இரும்பு வேண்டும். ஆணுக்கு 19 போதும். ஆனால் கறி எடுத்த நாளில் நம் வீட்டில் நடப்பது என்ன? துண்டுகள் ஆண்களுக்கும் பிள்ளைகளுக்கும் போகும். சமைத்தவள் கடைசியில் உட்கார்ந்து, சட்டியில் சோற்றைப் போட்டுப் பிசைந்து, ஒட்டிய குழம்போடு எழுந்துவிடுவாள். யாருக்கு அதிகம் தேவையோ அவளுக்குத்தான் குறைவாகக் கிடைக்கிறது. எனக்கு இதைப் போல் வேதனை தருவது வேறில்லை.

நூறு கிராம் கறியில் மூன்று மில்லிகிராம் கூட இல்லையே, அது எந்த மூலைக்கு என்று கேட்கலாம். கறியில் இருக்கும் இரும்பைக் குடல் எளிதாக உறிஞ்சும். கீரையிலும் கேழ்வரகிலும் உள்ள இரும்பு அவ்வளவு எளிதில் ஏறாது. அவற்றோடு கொஞ்சம் கறி சேர்ந்தால் அந்த இரும்பும் கூடுதலாக ஏறும். எலுமிச்சை பிழிந்த பச்சை வெங்காயமும் இதற்கு உதவும். சாப்பிட்ட கையோடு டீ குடித்தால் இரும்பு ஏறுவது குறையும், ஒரு மணி நேரமாவது பொறுங்கள்.

சுவரொட்டி எனும் மண்ணீரலை மறக்கக் கூடாது. செம்மறியின் மண்ணீரல் 100 கிராமில் 40 மில்லிகிராம் அளவுக்கு இரும்பு இருக்கிறது. தணலில் சுட்டோ மிளகு போட்டு வதக்கியோ சோகை பிடித்த பெண்ணுக்குக் கொடுத்த நம் பாட்டிகளின் கைப்பழக்கம் வீண் போகவில்லை. ஈரலும் நல்லதுதான். ஆனால் அதில் வைட்டமின் ஏ மிக அதிகம், கர்ப்பிணிகள் மருத்துவரைக் கேட்காமல் சாப்பிட வேண்டாம். யூரிக் அமிலத் தொல்லை உள்ளவர்கள் இரண்டையும் தவிர்ப்பது நல்லது.

கொழுப்பு குறைந்த கறியை அவசரப்படுத்தினால் ரப்பராகிவிடும். தசையைக் கட்டியிருக்கும் சவ்வு, ஈரமான சூட்டில் மெதுவாகத்தான் கரையும். அரைக் கிலோ வெள்ளாட்டுக்கறியை மஞ்சள்தூள், உப்பு, இஞ்சி பூண்டு விழுதோடு அரை மணி நேரம் பிசறி வையுங்கள். மண்சட்டியில் மூன்று கரண்டி நல்லெண்ணெய் போதும். பட்டை, சோம்பு, கறிவேப்பிலை தாளித்து, இரண்டு கை சின்ன வெங்காயத்தைச் சிவக்க வதக்கி, தக்காளி கரைந்ததும் கறியைப் போட்டுப் புரட்டுங்கள். கறி தானே தண்ணீர் விடும், அது சுண்டும் வரை கிளறுங்கள். பிறகு மிளகாய்த்தூள், மல்லித்தூள், வெந்நீர் சேர்த்து, மூடிபோட்டுச் சிறு தீயில் ஒன்றரை மணி நேரம். இறக்கப் போகும் நேரத்தில் முருங்கைக்காய், மாங்காய்க் காலம் என்றால் இரண்டு துண்டு மாங்காய், கடைசியாகக் கைநிறைய இடித்த மிளகு. தேங்காயும் முந்திரியும் அரைத்து ஊற்றினால் ருசி கூடும்தான். ஆனால் ஆடு விட்டுவைத்த கொழுப்பை நாமே திரும்பச் சேர்த்தது போலாகும். குக்கர் என்றால் இளங்கறிக்கு ஐந்து விசில், முற்றலுக்கு எட்டு.

தினமும் கறி வேண்டாம். உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2015இல் சிவப்பு இறைச்சியைப் புற்றுநோய் உண்டாக்கக்கூடும் என்ற வரிசையில் வைத்தது. ஒருவருக்கு வாரத்துக்குச் சமைத்த கறி 350 முதல் 500 கிராமுக்குள் நிற்கட்டும். நம் வீடுகளில் விலை காரணமாகவே அந்த அளவைத் தொடுவது அரிது.

அடுத்த முறை கறி எடுக்கும்போது ஒன்று செய்யுங்கள். குழம்பு கொதிக்கும்போதே வீட்டுப் பெண்களின் பங்கைத் துண்டுகளாக எண்ணித் தனிக் கிண்ணத்தில் எடுத்து வைத்துவிட்டு, அதன் பிறகு மற்றவர்களுக்குப் பரிமாறுங்கள்.

(தொடரும்)