கம்பளி நூல் விற்பவருக்கும் கொஞ்சம் பின்னத் தெரியட்டும்

கார்த்திகை பிறந்துவிட்டால் நமது ஃபேன்சி ஸ்டோர்களிலும் தையல் சாமான் கடைகளிலும் கம்பளி நூல் கேட்டு வருவோர் தலைகாட்டத் தொடங்குவர். நீலகிரி, கொடைக்கானல் வணிகர்களுக்கு இது ஆண்டு முழுவதும் நகரும் சரக்கு. சமவெளியில் அப்படியில்லை. பேரக் குழந்தைக்குக் குல்லா பின்ன ஒரு பாட்டி வருவார். விடுமுறையில் புதிதாகக் கற்க ஒரு கல்லூரி மாணவி வருவார். பாட்டிக்கு வேண்டியதை அவரே சொல்லி வாங்கிக்கொள்வார். நாம் இங்கே எழுத வந்தது அந்த மாணவியைப் பற்றித்தான்.

"அண்ணா, நிட்டிங் கத்துக்கணும். ஊசியும் உல்லனும் குடுங்க" என்பார். "எந்த நம்பர்?" என்று பையன் திருப்பிக் கேட்பான். அவருக்குத் தெரியாது; பையனுக்கும் தெரியாது. கைக்கு வந்த 12-ஆம் நம்பர் ஊசியும், விற்காமல் கிடந்த கறுப்பு நூலும் பொட்டலமாகும். மூன்றாம் நாள் அவை பரணுக்குப் போய்விடும். "எனக்குக் கை வரவில்லை" என்று அந்தப் பெண் தன்னையே நொந்துகொள்வார். கடையைக் குறை கூற மாட்டார். அதனால்தான் இந்த நஷ்டம் நம் கணக்கில் ஏறுவதேயில்லை. கற்றுக்கொள்ள வாங்கியது ஓர் உருண்டை. கற்றுத் தேறியிருந்தால் பெரியவர் ஒருவருக்கு முழுக்கை ஸ்வெட்டர் பின்ன அரைக் கிலோ அளவுக்கு வாங்கியிருப்பார், அடுத்த ஆண்டும் வந்திருப்பார்.

முதலில் ஊசி நம்பர். நம் கடைகளில் பழகிவந்தது பிரிட்டிஷ் நம்பர். இதில் எண் ஏற ஏற ஊசி மெலியும். 8-ஆம் நம்பர் 4 மில்லிமீட்டர், 10-ஆம் நம்பர் 3.25, 12-ஆம் நம்பர் 2.75. அமெரிக்க நம்பர் இதற்கு நேர் எதிர். அங்கே 8 என்றால் 5 மில்லிமீட்டர். செல்பேசியில் அமெரிக்க வீடியோ பார்த்துவிட்டு "8-ஆம் நம்பர்" கேட்பவருக்கு நம் 8-ஐக் கொடுத்தால் அளவு தவறிவிடும். மில்லிமீட்டரைக் கேட்டுக் கொடுப்பதே வம்பில்லாதது.

புதிதாகப் பின்னுபவர் பயத்தில் நூலை இறுக்கிப் பிடிப்பார். மெல்லிய ஊசியில் அந்த இறுக்கம் வளையத்தை நகரவே விடாது. ஆகவே அவருக்கு 8-ஆம் நம்பரும் நடுத்தரத் தடிமனுள்ள நூலும் பொருந்தும். பிளாஸ்டிக் அல்லது மூங்கில் ஊசியானால் அலுமினியத்தைவிடப் பிடிமானம் உண்டு, வளையம் வழுக்காது. நூல் வழவழப்பாக, வெளிர் நிறத்தில் இருக்கட்டும். கறுப்பில் வளையம் கண்ணுக்குத் தெரியாது. புசுபுசுவென்று மயிர் எழும்பிய நூலில் தவறானால் பிரிக்கவும் முடியாது. லேபிளில் உள்ள ப்ளை எண்ணை மட்டும் நம்ப வேண்டாம். எத்தனை இழைகளை முறுக்கிச் சேர்த்தார்கள் என்பதே ப்ளை. இழையே மெலிதானால் நாலு ப்ளையும் மெலிந்துதான் இருக்கும். விரலில் உருட்டிப் பார்த்துக் கொடுங்கள்.

இதையெல்லாம் மனப்பாடம் செய்வதைவிட, மந்தமான ஒரு மாலை வேளையில் கல்லாவில் உட்கார்ந்தே இருபது வளையம் போட்டுப் பின்னிப் பார்ப்பது மேல். (ஆண்பிள்ளை பின்னுவதா என்று கூச்சப்படுவோர், தையல் மிஷினில் உட்கார்ந்திருப்பவர் யார் என்று நினைத்துப் பார்க்கவும்!) வேலை நாலே அசைவுதான். வலக்கை ஊசியை வளையத்தில் நுழைக்க வேண்டும். நூலை அதன்மேல் சுற்ற வேண்டும். சுற்றியதை வெளியே இழுக்க வேண்டும். பழைய வளையத்தை இடக்கை ஊசியிலிருந்து விட வேண்டும். இதுவே நிட். நூலை முன்னால் வைத்துக்கொண்டு ஊசியை மறுபக்கமாக நுழைத்தால் பர்ல். எல்லா வரிசையும் நிட் என்றால் இரு பக்கமும் வரப்பு வரப்பாக வரும். ஒரு வரிசை நிட், மறு வரிசை பர்ல் என்றால் முன்பக்கம் வழவழவென்று வரும்.

நாம் போட்டிருக்கும் திருப்பூர் பனியனை இழுத்து உற்றுப் பாருங்கள், அதே வளையங்கள்தான். இங்கிலாந்தில் வில்லியம் லீ 1589-இல் காலுறை பின்ன ஒரு பொறியைச் செய்தார். மெஷின் பின்னலின் கதை அங்கே தொடங்குகிறது. பழைய பனியனை வெட்டினால் ஓரம் சுருண்டுகொள்ளும் அல்லவா? கையால் பின்னிய வழவழப்புப் பின்னலும் அப்படியே சுருளும். "நூல் மட்டம், சுருளுது" என்று வருபவருக்கு இதைக் காட்டினால் போதும், சண்டை வராது. முதல் துண்டை முழுக்க நிட்டாகவே பின்னச் சொல்லுங்கள். அது சுருளாது.

இன்னொரு புகார், இருபது வளையம் இருபத்தாறாகிவிட்டது என்பது. வரிசைத் தொடக்கத்தில் நூல் ஊசியின்மேல் ஏறிப் பின்னால் போனால், முதல் வளையத்தின் இரு கால்களும் மேலே வந்து இரண்டு வளையம்போல் தெரியும். இரண்டிலும் பின்னிவிடுவார். நூலை ஊசிக்குக் கீழாகவே பின்னுக்குக் கொண்டுபோகச் சொன்னால் தீர்ந்தது.

மொத்த வியாபாரிகளுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். லேபிளில் உள்ள சாய எண் மாறினால், கடை வெளிச்சத்தில் ஒன்றாகத் தெரிந்த நிறம் பின்னிய பிறகு பட்டையாகக் காட்டும். லூதியானாவிலிருந்து சரக்கு வந்ததும் சாய எண் வாரியாகப் பிரித்து அடுக்கினால் சில்லறைக் கடைக்காரர் திருப்பி அனுப்ப மாட்டார். சில்லறையில், ஸ்வெட்டருக்கு வாங்குபவருக்கு அதே எண்ணில் இரண்டு உருண்டை கூடுதலாகக் கொடுத்து, பிரிக்காமல் மீந்தால் திரும்ப எடுத்துக்கொள்வதாகச் சொல்லுங்கள்.

அக்ரிலிக்கில் சூடான இஸ்திரி கூடாது. அசல் கம்பளியை வெந்நீரில் கசக்கினால் சுருங்கித் தடித்துவிடும். பில் போடும்போதே சொல்லிவிடலாம். சிட்டமாக விற்கும் கடைகள், புதியவருக்கு மட்டுமாவது உருண்டையாகச் சுற்றிக் கொடுக்கலாம். சிட்டத்திலிருந்து நேரே பின்னப் போனால் முதல் நாளே சிக்கு விழும். அதைப் பிரிப்பதற்குள் பின்னும் ஆசையே போய்விடும்.