சாபிட்: ஒரு கடல் டயட்டத்தின் பெயரும் வகைமாதிரியும்

மலாய் மொழியில் ‘சாபிட்’ என்பது கதிர் அறுக்கும் அரிவாளைக் குறிக்கும். பிறைநிலவு ‘பூலான் சாபிட்’ எனப்படும். மலேசியச் செம்பிறைச் சங்கத்தின் மலாய்ப் பெயரிலும் இத்தொடரைக் காணலாம். 2015ஆம் ஆண்டில் இச்சொல் உயிரியல் பெயர்களின் வரிசையிலும் சேர்ந்தது. போர்ட்டிக்சன் கடலிலும் மெக்சிகோவின் மன்சனில்யோ விரிகுடாவிலும் எடுக்கப்பட்ட நீரில் காணப்பட்ட ஒரு புதிய டயட்டத்திற்குச் ‘சூடோ-நிட்சியா சாபிட்’ என்று பெயரிட்டனர். பினாங்குக் கரையைத் தழுவும் மலாக்கா நீரிணையே போர்ட்டிக்சனையும் தழுவுகிறது.

டயட்டம் என்பது சிலிக்கா ஓட்டினுள் வாழும் ஒருசெல் பாசி. ஓட்டின் இரு பகுதிகளும் பெட்டியும் அதன் மூடியும் போலப் பொருந்தியிருக்கும். ஓட்டின் வடிவமும் அதிலுள்ள வரிகளும் நுண்துளைகளுமே இனங்களைப் பிரித்தறிய உதவும் முதன்மை அடையாளங்கள். சாபிட்டின் ஓடு அரிவாள்போல் வளைந்தது. பெயர்க்காரணம் அதுவே.

இப்பெயரில் மூன்று மொழிகள் சந்திக்கின்றன. ‘சூடோ’ என்பது ‘போலி’ எனப் பொருள்படும் கிரேக்கச் சொல். ‘நிட்சியா’, ஜெர்மானிய அறிஞர் நிட்சின் நினைவாக 1845இல் இடப்பட்ட பேரினப் பெயர். மூன்றாவது மலாய். சிற்றினப் பெயரை எம்மொழியிலிருந்தும் எடுக்கலாம் என்பது பன்னாட்டுப் பெயரிடல் விதி. இனத்தின் விளக்கவுரையை இலத்தீனில்தான் எழுதவேண்டும் என்ற கட்டாயமும் 2012இல் தளர்ந்தது, ஆங்கிலமும் ஏற்கப்பட்டது.

ஆயினும் விளக்கவுரை மட்டும் போதாது. பெயர் ஒரு பொருளோடு பிணைக்கப்படவேண்டும். அப்பொருளே வகைமாதிரி. ‘மாதிரி’ என்னும் சொல் இங்கு நம்மைத் திசைதிருப்பக்கூடும். அது அவ்வினத்தின் சிறந்த எடுத்துக்காட்டாக இருக்கவேண்டுவதில்லை; பெயரைக் கட்டிவைக்கும் முளையாக இருந்தால் போதும். எனவே, நிலையாகப் பதப்படுத்திய கண்ணாடித் தகடு போன்றவை வகைமாதிரியாகலாம். குடுவையில் பெருகிக்கொண்டிருக்கும் உயிர்ப்பாசி ஆகாது. உயிருள்ளது மாறும், முளை மாறக்கூடாது.

இதன் தேவையைக் கனடா உணர்த்தியது. 1987இல் பிரின்ஸ் எட்வர்ட் தீவின் சிப்பிகளை உண்ட நூற்றுக்கும் மேற்பட்டோர் நோயுற்றனர், சிலர் நினைவாற்றலை இழந்தனர், மூவர் இறந்தனர். நஞ்சு, டொமோயிக் அமிலம். ‘டோமோய்’ என்பது ஜப்பானியர் ஒரு கடற்பாசிக்கு வழங்கிய பெயர். இவ்வமிலம் முதலில் பிரித்தெடுக்கப்பட்டது அதிலிருந்தே. ஆனால், கனடாவின் சிப்பிகளுக்கு நஞ்சூட்டியது ஒரு டயட்டம். அக்கால அறிக்கைகள் அதனை ‘நிட்சியா பஞ்சென்ஸ்’ இனத்தின் ‘மல்டிசீரீஸ்’ என்னும் வடிவமாகக் குறித்தன. நார்வே அறிஞர் கிரேத்தே ஹாஸ்லே 1994இல் சூடோ-நிட்சியாவைத் தனிப் பேரினமாக மீட்டபின், அவ்வடிவம் ‘சூடோ-நிட்சியா மல்டிசீரீஸ்’ என்னும் தனிச் சிற்றினமாயிற்று. பெயர் மாறியது, அது சுட்டும் பொருள் மாறவில்லை. இதை அறியாத மாணவர், பழைய அறிக்கையையும் புதிய அறிக்கையையும் இருவேறு உயிர்களைப் பற்றியவை என எண்ணக்கூடும்.

சாபிட்டும் அதே பேரினத்தைச் சேர்ந்தது. எனினும் ஆய்வில் அதனிடம் அந்நஞ்சு கண்டறியப்படவில்லை. ஆதலால் பேரினப் பெயரை மட்டும் கேட்டு அஞ்சுவது பிழை. அப்பெயரைக் கேளாமல் விடுவதும் பிழை. கெராங் உண்ணும் நம் ஊருக்கு இவ்வேறுபாடு ஏட்டளவில் நிற்பதன்று.

அறிவியற்பெயர் ஒன்றைக் கற்பிக்கும் ஆசிரியர் மூன்று வினாக்களை எழுப்பலாம்: எம்மொழிச் சொல் இது? முன்பு எப்பெயரில் வழங்கியது? எந்தப் பொருளில் கட்டப்பட்டுள்ளது? சொல்லின் வரலாறு முதலிரண்டுக்கு விடை தரும். மூன்றாவதன் விடை காப்பகப் பேழையில் உள்ளது.