மின்சாரம் போன இரவில் பசுமைக்குடில் எவ்வளவு நேரம் தாங்கும்?

2021 பிப்ரவரி 15, நள்ளிரவு கடந்த நேரம். கடும் பனிக்காற்றில் சிக்கிய அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் மின்வெட்டு தொடங்கியது. 45 லட்சத்துக்கும் மேற்பட்ட வீடுகளும் கடைகளும் இருண்டன. மாநில மின்கட்டமைப்பு முழுவதுமாகச் சரிவதற்கு 4 நிமிடம் 37 நொடியே மிச்சம் இருந்தது என்று அதை நிர்வகிக்கும் எர்காட் அமைப்பு பின்னர் சொன்னது. மறுநாள் ஹூஸ்டனில் வெப்பநிலை 13 டிகிரி பாரன்ஹீட், அதாவது செல்சியஸில் மைனஸ் 10.6. டாலஸ் பகுதியில் மைனஸ் 2 பாரன்ஹீட், அதாவது மைனஸ் 19 செல்சியஸ். 246 பேர் இறந்ததாக மாநில சுகாதாரத் துறை கணக்கிட்டது. வேளாண் இழப்பு 60 கோடி டாலருக்கும் மேல். அதில் எலுமிச்சை, ஆரஞ்சு வகைப் பயிர்களின் இழப்பு மட்டும் குறைந்தது 23 கோடி டாலர்.

அந்த நாட்களில் வீட்டுக் கொல்லைப் பசுமைக்குடில்களும் சிறு நாற்றங்கால்களும் பட்ட பாட்டைத் தனியாக யாரும் கணக்கெடுத்ததாகத் தெரியவில்லை. ஹூஸ்டன், டாலஸ், ஆஸ்டின் வட்டாரங்களில் வாழும் தமிழ்க் குடும்பங்களின் கறிவேப்பிலையும் குண்டுமல்லியும் முருங்கையும் அந்தக் கணக்கில் வராதவை. பல ஆண்டுகள் பார்த்துப் பார்த்து வளர்த்த செடி ஒரே இரவில் கருகிப்போவது சிறிய துயரம் அல்ல. ஆனால் அதைக் காக்கப் போய் மனிதர் சாவது அதைவிடப் பன்மடங்கு கொடுமை. இரண்டையும் தவிர்க்க முடியும். அதற்கான வேலையைக் குளிர் வருவதற்கு முன்பே முடித்துவிட வேண்டும்.

கணக்குப் போட்டுப் பாருங்கள்

பிளாஸ்டிக் கூரை போட்டுவிட்டாலே செடிக்குப் பாதுகாப்பு என்று பலர் நம்புகிறார்கள். பகல் வெயிலைப் பிடித்துவைப்பதில் பிளாஸ்டிக் கெட்டிக்காரன்தான். இரவில் அது வெப்பத்தை ஏறக்குறைய அப்படியே வெளியே விட்டுவிடும்.

8 அடிக்கு 10 அடி அளவில், பக்கச் சுவர் 6 அடியும் முகடு 8 அடியும் உயரமுள்ள ஒரு குடிலை எடுத்துக்கொள்வோம். சுவரும் கூரையும் சேர்ந்து ஏறத்தாழ 320 சதுர அடி. ஒற்றைப் பாலித்தீன் உறை, ஒவ்வொரு சதுர அடியிலும், ஒவ்வொரு டிகிரி பாரன்ஹீட் வித்தியாசத்துக்கும், மணிக்குச் சுமார் 1.1 பி.டி.யு. (வெப்பத்தை அளக்கும் ஓர் அலகு) வெப்பத்தை இழக்கிறது. வெளியே 13 டிகிரி (இனி வரும் டிகிரிகள் எல்லாம் பாரன்ஹீட்) இருக்கும்போது உள்ளே 45 டிகிரி வேண்டுமானால் வித்தியாசம் 32. பெருக்கினால் மணிக்கு 11,000 பி.டி.யு.வுக்கு மேல், அதாவது 3.3 கிலோவாட்.

கடையில் கிடைக்கும் சாதாரண ஹீட்டர் 1,500 வாட். அது தருவது சுமார் 5,100 பி.டி.யு. இரண்டு வைத்தாலும் போதாது. அந்த இரண்டையும் ஒரே 15 ஆம்பியர் இணைப்பில் போட்டால் பிரேக்கர் விழுந்துவிடும். ஊருக்கே மின்சாரம் இருக்கும்போதும் உங்கள் குடில் மட்டும் விறைத்துப்போக இதுவே ஒரு முக்கியக் காரணம்.

அதே குடிலுக்கு உட்புறம் இரண்டாவது உறை போட்டு, நடுவே காற்று இடைவெளி விட்டால் இழப்பு 7,200 பி.டி.யு. அளவுக்கு, அதாவது 2.1 கிலோவாட்டுக்கு இறங்கிவிடும். எந்த ஹீட்டரை வாங்குவதற்கும் முன்னால் செய்யவேண்டிய செலவு இதுதான். இந்தப் பாதுகாப்பு மின்சாரம் போனாலும் வேலை செய்யும். ஒன்றை மட்டும் மறக்காதீர்கள்: சிறு மின்விசிறியால் காற்று ஊதிப் பிரித்துவைக்கும் இரட்டை உறையில், விசிறி நின்றதும் இரண்டு தாள்களும் மெல்ல ஒட்டிக்கொண்டு பயன் குறையும். சட்டம் அடித்து நிரந்தர இடைவெளி விட்டால் அந்தக் கவலை இல்லை.

எரிவாயு ஹீட்டரும் நிற்கும்

எரிவாயு இருந்தால் கவலையில்லை என்று நினைப்பவர்கள் தங்கள் ஹீட்டரை ஒருமுறை கூர்ந்து பார்க்கவேண்டும். விசிறி வைத்துச் சூடான காற்றைத் தள்ளும் எரிவாயு ஹீட்டருக்கு விசிறி ஓடவும் பற்றவைக்கவும் மின்சாரம் வேண்டும். கரண்ட் போனால் சிலிண்டர் நிறைய இருந்தும் அது அணைந்துவிடும். மின்சாரமே தேவைப்படாத, சிறு பைலட் சுடரோடு இயங்கும் வகைகளும் உண்டு. வாங்கும்போதே அதைக் கேட்டு வாங்குங்கள்.

20 பவுண்டு புரொப்பேன் சிலிண்டரில் சுமார் 4,30,000 பி.டி.யு. வெப்பம் இருக்கிறது. மேலே சொன்ன குடிலில் ஒற்றை உறைக்கு அது சுமார் 38 மணி நேரம் வரும். இரட்டை உறைக்கு 60 மணி நேரம். 2021-இல் சில வீடுகளுக்கு மூன்று நாட்கள்வரை மின்சாரம் இல்லை என்பதை நினைத்தால், இரண்டாவது சிலிண்டர் ஏன் வேண்டும் என்பது புரியும்.

எரியும் நெருப்புக்கு இரண்டு பின்விளைவுகள் உண்டு. புகைபோக்கி இல்லாத ஹீட்டர் நீராவியை வெளியிடும். இலைகளில் ஈரம் படிந்து பூஞ்சை வரும். சரியாக எரியாத சுடர் எத்திலீன் வாயுவைத் தரும். காற்றில் பத்து லட்சத்தில் ஒரு பங்குக்கும் குறைவான எத்திலீன் போதும், தக்காளி இலை தொங்கிப்போக, ஆர்க்கிட் பூ உதிர. குளிரில் தப்பிய செடி இதில் மாட்டிக்கொள்ளும். ஹீட்டரின் கையேட்டில் சொல்லியிருக்கும் அளவுக்குக் காற்றுத் துவாரம் விடுவது கட்டாயம்.

தண்ணீரும் துணியும் செய்யும் வேலை

ஹீட்டர் நின்றதும் குடிலுக்குள் இருக்கும் காற்று சில நிமிடங்களிலேயே குளிரத் தொடங்கும். அந்த வேகத்தைத் தணிப்பவை மண்ணும் நீரும்தான். 55 கேலன் பீப்பாய் நிறைய இருக்கும் நீர் 60 டிகிரியிலிருந்து 40 டிகிரிக்கு இறங்கும்போது சுமார் 9,000 பி.டி.யு. வெப்பத்தைத் தரும். இரட்டை உறைக் குடிலில் அது ஒன்றேகால் மணி நேர இழப்புக்குச் சமம். நான்கு பீப்பாய் இருந்தால் ஐந்து மணி நேரம். இரவு முழுவதையும் இது காப்பாற்றாது. மின்சாரம் திரும்பவோ, நீங்கள் மாற்று ஏற்பாட்டை இயக்கவோ தேவையான அவகாசத்தைக் கொடுக்கும்.

குளிர் அலை வருவதற்கு முந்தைய நாள் தொட்டி மண்ணை நன்றாக நனையுங்கள். ஈரமண் வறண்ட மண்ணைவிட அதிக வெப்பத்தைச் சேமிக்கும். பனித் தடுப்புத் துணியைச் செடிகளின்மேல் போட்டு, ஓரங்களைத் தரையோடு அழுத்திவையுங்கள். தடித்த துணி சில டிகிரிகளைக் காப்பாற்றித் தரும். வெறும் பிளாஸ்டிக் தாள் இலையைத் தொட்டால் தொட்ட இடம் உறைந்துபோகும்.

எல்லாச் செடியையும் ஒரே தரத்தில் காக்க முயலவேண்டாம். வெற்றிலைக் கொடி 50 டிகிரிக்குக் கீழேயே வாடத் தொடங்கும். கறிவேப்பிலை 40 டிகிரிக்குக் கீழே இலையுதிர்க்கும். உறைபனி அதன் தண்டைக் கொல்லும். முருங்கையும் வாழையும் மேலே கருகினாலும், வேர் உறையாமல் இருந்தால் வசந்தத்தில் துளிர்க்க வாய்ப்புண்டு. அதனால் தொட்டியில் இருக்கும் வெற்றிலையும் இளம் கறிவேப்பிலையும் முதலில் வீட்டுக்குள் வரட்டும். தரையில் நிற்கும் வாழைக்கும் முருங்கைக்கும் அடிமரத்தைச் சுற்றி ஓரடி உயரத்துக்கு வைக்கோலோ மரச்சருகோ குவித்தால் போதும். வரிசையை இப்போதே ஒரு தாளில் எழுதி வையுங்கள். நள்ளிரவில் கைவிளக்கோடு நின்று முடிவெடுக்க முடியாது.

மின்சாரம் போனதை நீங்கள் தூங்கும்போதே தெரிந்துகொள்வதும் முக்கியம். வைஃபை வழியே எச்சரிக்கும் கருவி, ரவுட்டர் அணைந்ததும் ஊமையாகிவிடும். ரவுட்டருக்குச் சிறு யுபிஎஸ் வையுங்கள். அல்லது பேட்டரியும் சிம் கார்டும் உள்ள எச்சரிக்கைக் கருவி வாங்குங்கள்.

உயிரைப் பணயம் வைக்காதீர்கள்

2021 பனியின்போது டெக்சாஸில் நூற்றுக்கணக்கானோர் கார்பன் மோனாக்சைடு நச்சோடு மருத்துவமனைக்கு வந்தார்கள். சிலர் வீட்டிலேயே இறந்தார்கள். எரிபொருள் எரியும்போது வரும் இந்த வாயுவுக்கு நிறமில்லை, மணமில்லை. தலைவலியும் தலைசுற்றலும் குமட்டலும் வந்தால் உடனே வெளிக்காற்றுக்கு வந்து 911-ஐ அழைக்கவேண்டும்.

ஜெனரேட்டர் வீட்டுக்கு வெளியே, கதவு ஜன்னல்களிலிருந்து குறைந்தது 20 அடி தள்ளி, புகை எதிர்ப்பக்கம் போகும்படி இருக்கவேண்டும். கராஜுக்குள் கூடாது, கதவு திறந்திருந்தாலும் கூடாது. குடிலுக்குள்ளும் கூடாது. கரி அடுப்பைக் குடிலில் மூட்டிவிட்டு அருகிலேயே உட்கார்ந்து காவல் காக்கக் கூடாது. வீட்டோடு ஒட்டிய குடில் என்றால் அதன் நச்சுக்காற்று படுக்கையறைக்கும் வரும். பேட்டரியில் ஓடும் கார்பன் மோனாக்சைடு எச்சரிக்கைக் கருவி வீட்டிலும் குடிலிலும் வேண்டும்.

ஜெனரேட்டரிலிருந்து வரும் வயரைச் சுவர் பிளக்கில் செருகி வீட்டுக்கு மின்சாரம் ஏற்றுவது கொலைக்குச் சமம். அந்த மின்சாரம் தெருக் கம்பிக்குத் திரும்பிப் போய், பழுது பார்க்கும் தொழிலாளியைத் தாக்கும். உரிமம் பெற்ற எலக்ட்ரீஷியனை அழைத்து, வீட்டைத் தெருக் கம்பியிலிருந்து பிரிக்கும் டிரான்ஸ்ஃபர் சுவிட்ச் பொருத்துங்கள்.

சட்டம் எதைத் தரும், எதைத் தராது

மின்தடையால் செடி செத்தால் நஷ்டஈடு கிடைக்குமா? பெரும்பாலும் கிடைக்காது. எர்காட் மீது வழக்குத் தொடர முடியாது என்று, அரசு அமைப்புகளுக்கு உரிய சட்டப் பாதுகாப்பு அதற்கும் உண்டு எனக் கூறி, டெக்சாஸ் உச்ச நீதிமன்றம் 2023 ஜூனில் தீர்ப்பளித்தது. உங்கள் பகுதி மின்நிறுவனத்தின் சேவை விதிகளும் அதன் பொறுப்பை வெகுவாகக் குறைத்துத்தான் எழுதப்பட்டிருக்கும்.

நுகர்வோருக்கு உள்ள உரிமைகளையும் தெரிந்துகொள்ளுங்கள். முந்தைய நாளின் உச்ச வெப்பநிலையே 32 டிகிரியைத் தாண்டாமல், அடுத்த 24 மணி நேரமும் அப்படியே இருக்கும் என்று தேசிய வானிலைச் சேவை கணித்தால், பாக்கிக்காக வீட்டு இணைப்பைத் துண்டிக்கக்கூடாது என்பது டெக்சாஸ் விதி. மொத்தச் சந்தை விலையோடு நேரடியாக ஏறி இறங்கும் மின்திட்டங்களை வீட்டு நுகர்வோருக்கு விற்பதை 2021-இல் வந்த சட்டம் தடுத்தது. அந்தப் பனி வாரத்தில் அத்தகைய திட்டத்தில் இருந்தவர்களுக்கு ஆயிரக்கணக்கான டாலர் பில் வந்ததே காரணம். கட்டணம், சேவை பற்றிய புகாரை மாநிலப் பொது சேவை ஆணையத்திடம் கொடுக்கலாம்.

வீட்டுக் காப்பீட்டில் பலர் ஏமாறுவது இங்கேதான். பரவலாகப் பயன்படும் பாலிசிப் படிவத்தில் மரம் செடிகளுக்கு ஒரு தொகை இருக்கும். ஒரு செடிக்கு 500 டாலர் என்பதுபோல உச்சவரம்பும் இருக்கும். ஆனால் அது தீ, இடி, திருட்டு, வாகனம் மோதுவது போன்ற பட்டியலிட்ட ஆபத்துகளுக்கு மட்டுமே. குளிரில் செத்த செடிக்குப் பணம் வராது. விற்பனைக்கு வளர்த்த செடியும் அதில் சேராது. குடிலின் கட்டமைப்பு வேறு: பனியின் எடையால் அது சரிந்தால், 'பிற கட்டுமானங்கள்' என்ற பிரிவில் ஈடு கிடைக்க வாய்ப்புண்டு. உங்கள் பாலிசியை எடுத்து அந்தப் பக்கத்தை இந்த வாரமே படியுங்கள். ஏஜெண்டிடம் பதிலை எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

இழப்பு நேர்ந்தால் எதையும் அகற்றுவதற்கு முன் படமெடுங்கள். வெப்பமானி காட்டிய அளவு, மின்சாரம் போன நேரம், திரும்பிய நேரம், வாங்கிய ரசீதுகள் எல்லாம் சேரட்டும். டெக்சாஸ் சட்டப்படி காப்பீட்டு நிறுவனம் உங்கள் கோரிக்கையை 15 நாட்களுக்குள் ஒப்புக்கொண்டு விசாரணையைத் தொடங்கவேண்டும். கேட்ட ஆவணங்கள் முழுதும் கிடைத்தபின் 15 வேலை நாட்களுக்குள் ஏற்பா மறுப்பா என்று சொல்லவேண்டும். பேரிடர் காலத்தில் இந்தக் கெடு சற்று நீட்டிக்கப்படலாம். தாமதித்தாலோ காரணம் சொல்லாமல் மறுத்தாலோ மாநிலக் காப்பீட்டுத் துறையிடம் புகார் கொடுங்கள். அதற்குக் கட்டணம் இல்லை.

விற்பனைக்கு நாற்று வளர்ப்பவர்களுக்கு வழி வேறு. பயிர்க் காப்பீடு கிடைக்காத பயிர்களுக்கென அமெரிக்க வேளாண் துறை ஓர் உதவித் திட்டம் நடத்துகிறது. மாவட்டப் பண்ணைச் சேவை அலுவலகத்தில் பதியலாம். ஆனால் குளிர் வருவதற்கு வெகு முன்பே, கெடு தேதிக்குள் பதிந்திருக்கவேண்டும். இழப்பைப் பொதுவாக 15 நாட்களுக்குள் தெரிவிக்கவேண்டும். மூடிய குடிலில் நேரும் இழப்புக்கு நிபந்தனைகள் கடுமை; எது சேரும், எது சேராது என்று பதியும்போதே கேளுங்கள். தனியார் வணிகக் காப்பீட்டில், வெளியிலிருந்து வரும் மின்சாரம் தடைப்பட்டால் ஈடு தரும் கூடுதல் பிரிவு உண்டா என்று விசாரியுங்கள்.

மறுநாள் காலை

கருகிய கிளைகளை அவசரப்பட்டு வெட்டாதீர்கள். வசந்தம்வரை பொறுத்து, பட்டையை நகத்தால் லேசாகச் சுரண்டிப் பாருங்கள். உள்ளே பச்சை தெரிந்தால் உயிர் இருக்கிறது. வெயில் ஏறியதும் கதவைத் திறந்து ஈரத்தை வெளியேற்றுங்கள்.

செத்த கறிவேப்பிலைக்குப் பதிலாக வேறு மாநிலத்திலிருந்து கன்று வரவழைக்கும் முன் மாநில வேளாண் துறையைக் கேளுங்கள். எலுமிச்சைக் குடும்பத்தைச் சேர்ந்த கறிவேப்பிலையில், எலுமிச்சைத் தோட்டங்களை அழிக்கும் பசுமை நோயைப் பரப்பும் சிறு பூச்சி வாழ்கிறது. அதனால் அதன் கன்றுகளை இடம்மாற்றக் கடுமையான கட்டுப்பாடுகள் உண்டு. உள்ளூரில் உரிமம் பெற்ற நாற்றங்காலில் வாங்குவதே முறை.

குளிரில் மின்சாரம் போவது டெக்சாஸின் பிரச்சினை மட்டும் அல்ல. 2013 டிசம்பர் பனிப்புயலில் டொரன்டோவில் சுமார் 3 லட்சம் இணைப்புகள் மின்சாரம் இழந்தன. தமிழர் செறிந்து வாழும் ஸ்கார்பரோ மிகவும் பாதிக்கப்பட்ட பகுதிகளில் ஒன்று. சட்டம் ஊருக்கு ஊர் மாறும். வெப்பக் கணக்கு மாறாது. இலையுதிர் காலத்திலேயே ஒரு மாலை குடிலின் மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு ஒத்திகை பாருங்கள். எச்சரிக்கைக் கருவி ஒலித்ததா, மாற்று ஹீட்டர் பற்றியதா, ஒரு மணி நேரத்தில் எத்தனை டிகிரி இறங்கியது என்று குறித்துக்கொள்ளுங்கள். அதில் தெரியும் ஓட்டைகளை முதல் பனிக்கு முன் அடைத்துவிடுங்கள்.